ஆப்பிள் கன்றுக்குக் கவாத்து: கத்தரிக்கு முன்னால் கயிறு

மூன்று வருஷத்துக்கு முந்தி ஓர் ஆடி மாதம். எங்கள் மேட்டில் காற்று மூன்று நாளாக நிற்காமல் அடித்தது. கொடைக்கானல் மலையில் ஆடிக் காற்று புதுசில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், ஐந்து வயசு ஆப்பிள் மரம் நட்ட நடுவில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்த வருஷம்தான் முதல் தடவையாக நன்றாகக் காய்த்திருந்தது. தரையில் சாய்ந்த பாதியில் மட்டும் அறுபது காய் எண்ணினேன். இன்னும் பதினைந்து, இருபது நாள் போயிருந்தால் பறித்திருக்கலாம்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்தார். இளவயதில் பங்களாத் தோட்டங்களில் பேரி, ப்ளம்ஸ், ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து பண்ணியே காலம் தள்ளியவர். பிளந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காத்து மேல பழி போடாத தாயி. இது சின்னதுலயே ஒட்டாம வளந்த மரம். உள்ளே பாரு, கருப்பா இருக்கு"ன்னார்.

பார்த்தேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மரம் இரண்டு தண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டும் ஒரே பருமன். இரண்டும் நேர் மேலே, கைகூப்பின மாதிரி ஒட்டி வளர்ந்தவை. அந்த இடுக்கில் மரத்தோடு மரம் சேரவே இல்லை. இரண்டு தண்டின் பட்டையும் நடுவில் மாட்டிக்கொண்டு, மழைத்தண்ணீர் தேங்கி, ஒரு சாண் ஆழத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் திடமான கவட்டை. உள்ளே வெறும் ஒட்டுப்போட்ட பட்டை. முதல் வருஷமே அந்த இரண்டில் ஒன்றைச் சுண்டுவிரல் தடிமனில் நறுக்கியிருந்தால் ஒரு நொடி வேலை. நான் நறுக்கவில்லை. மறந்துபோய் விட்டதில்லை. கொள்கைக்காக விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதே கொள்கையோடு பழக்கன்று நட்டு வைத்திருக்கும் நண்பர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

புகோகாவை நான் அரைகுறையாகப் படித்த கதை

இயற்கை விவசாயத்துக்கு வந்த எல்லாரையும் போல நானும் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்தேன். உழாதே, உரம் போடாதே, களை பறிக்காதே, மருந்தடிக்காதே. இந்த நாலோடு 'வெட்டாதே' என்று ஐந்தாவதாக நானே ஒன்று சேர்த்துக்கொண்டேன். காட்டில் எந்த மரத்துக்கு யார் கவாத்து பண்ணுகிறார்கள் என்று கேட்டு, பெரியவரோடு இரண்டு மூன்று தடவை வாக்குவாதமும் செய்திருக்கிறேன்.

மரம் பிளந்த அன்று ராத்திரி அதே புத்தகத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். புகோகா தன் தொடக்க காலத் தவறை அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஜப்பானில் சிகோகு தீவில், அவர் அப்பாவின் கமலா ஆரஞ்சுத் தோட்டம் அது. வருஷா வருஷம் கவாத்து பண்ணி வளர்த்த மரங்கள். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று அவர் கவாத்தை நிறுத்தினார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி ஏறியது, மரங்கள் பட்டுப்போயின. இயற்கை வேளாண்மை வேறு, கைவிடுதல் வேறு என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். மனிதன் ஒரு தடவை கை வைத்த மரத்தை நடுவில் கைவிட்டால் அது தன் இயல்பான உருவத்துக்குத் திரும்பாது என்பது அவர் கண்டது. இந்தப் பக்கத்தை நான் முன்பும் படித்தவள்தான். மண்டையில் ஏறவில்லை.

நாம் நாற்றங்காலில் வாங்கும் ஆப்பிள் கன்றை யோசித்துப் பாருங்கள். வேர்ச்செடியின் தலையை வெட்டித்தான் அதில் ஒட்டு கட்டினார்கள். பிடுங்கும்போது பாதி வேர் அறுந்துபோனது. அனுப்புவதற்கு வசதியாக நுனியையும் கிள்ளியிருப்பார்கள். நம் கைக்கு வரும்போதே மூன்று தடவை வெட்டுப்பட்ட கன்று அது. நுனி கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு மொட்டு போட்டி போட்டு மேலே கிளம்பும். என் மரத்தில் நடந்தது அதுதான். விதை போட்டு, இடம் மாற்றாமல், நுனி கிள்ளாமல் வளரும் மரத்தின் கதை வேறு. அதற்குக் கவாத்து அவ்வளவாக வேண்டியதில்லை. ஆனால் விதை ஆப்பிள் காய்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும். தாய்மரத்தின் பழம் அதில் வராது. வீட்டு உயரத்துக்கு மேலே போய்விடும். வீட்டுத் தோட்டத்தில் பத்தடிக்குள் நின்று, குழந்தையும் எட்டிப் பறிக்கிற மரம் வேண்டுமென்றால், முதல் நாலு வருஷம் நம் கை அதில் பட்டாக வேண்டும்.

கை பட வேண்டும் என்றேன், கத்தி என்று சொல்லவில்லை. வித்தியாசம் பின்னால் வருகிறது.

மரத்தின் குணம்

கவாத்துக்கு ஆயிரம் விதி சொல்வார்கள். மூன்று குணம் தெரிந்தால் விதிகளை நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஒன்று, நுனியின் அதிகாரம். கிளையின் உச்சியில் இருக்கும் மொட்டு, தனக்குக் கீழே இருக்கும் மொட்டுகளைத் தூங்க வைக்கும். நுனியிலிருந்து கீழே இறங்கும் ஊக்கிதான் அந்த வேலையைச் செய்கிறது. நுனியை வெட்டினால் அடுத்த இரண்டு மூன்று மொட்டு விழித்துக்கொள்ளும். கிளை நேர் மேலே போகப்போக இந்த அதிகாரம் கூடும், சாயச்சாயக் குறையும்.

இரண்டு, நிமிர்ந்த கிளை வளரும், சாய்ந்த கிளை காய்க்கும். இதைப் பெரியவர் வேறு மாதிரி சொல்வார்: "நிமிந்து நிக்கிறவன் எல்லாத்தையும் தன் ஒசரத்துக்கே செலவழிச்சுருவான்."

மூன்று, குளிர்காலத்தில் வெட்டினால் வேகம், கோடையில் வெட்டினால் நிதானம். இலை உதிர்ந்திருக்கும்போது மரத்தின் சேமிப்பு வேரிலும் தண்டிலும் இருக்கிறது. அப்போது தலையைக் குறைத்தால், அதே சேமிப்பு குறைந்த மொட்டுகளுக்குப் பங்காகி, அடுத்த துளிர் மூர்க்கமாக வரும். இலையோடு இருக்கும்போது வெட்டினால் சமையலறையையே வெட்டுகிற மாதிரி. வேகம் தணியும். மெலிந்த கன்றைத் தூண்ட மார்கழி, தை. முரட்டு மரத்தை அடக்க ஆனி, ஆடி.

நம் மலைக்கு இதோடு இன்னொன்று சேர்க்க வேண்டும். சாதாரண ஆப்பிள் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1200 மணி நேரம் வரை குளிர் வேண்டும். காஷ்மீரில், சிம்லாவில் அது தாராளமாகக் கிடைக்கிறது. கொடைக்கானலில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் வந்துவிடும். அதனால்தான் இங்கே குறைந்த குளிரில் காய்க்கும் பார்லின்ஸ் பியூட்டி, ஐரிஷ் பீச் போன்ற ரகங்களை நடுகிறோம். அவற்றுக்கும் சில வருஷம் குளிர் பற்றாது. பற்றாதபோது நுனி மொட்டு மட்டும் விழிக்கும், பக்க மொட்டுகள் தூங்கியே போகும். மூன்றடிக் கிளையில் உச்சியில் ஒரு கொத்து இலை, கீழே இரண்டடி மொட்டை. மலையில் பழைய ஆப்பிள் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் துடைப்பக்கட்டை உருவம் பழக்கமானது. மரத்தை உரக்குறை என்று நினைத்து எருவாகக் கொட்டுவோம். அது உரக்குறை இல்லை.

கிளையைப் படுக்க வைத்தல்

இந்தத் துடைப்பக்கட்டைக்கும், என் மரத்தின் பிளந்த கவட்டைக்கும், காய்க்காத மரத்துக்கும் பொதுவான ஒரு வைத்தியம் உண்டு. கிளையைச் சின்னதிலேயே வளைத்துச் சாய்த்து வைப்பது. சாய்ந்தால் நுனியின் அதிகாரம் குறைகிறது, பக்க மொட்டுகள் விழிக்கின்றன, கிளை தண்டோடு சேரும் இடம் அகலமாகிப் பட்டை மாட்டாமல் மரம் மரத்தோடு சேர்கிறது, பூமொட்டும் சீக்கிரம் பிடிக்கிறது. வெட்டினால் ஒரு கிளை நஷ்டம். வளைத்தால் நஷ்டமே இல்லை.

இளந்துளிர் ஒரு சாண் நீளம் வந்ததும், அடி இன்னும் பச்சையாக இருக்கும்போதே, துணி காயப்போடும் கிளிப் ஒன்றைத் தண்டில் மாட்டி, அதன் வால் துளிரை வெளியே தள்ளுகிற மாதிரி வைத்துவிடுங்கள். அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கோணத்திலேயே முற்றிவிடும், கிளிப்பை எடுத்து அடுத்ததற்கு மாட்டலாம். முதல் வருஷம் எங்கள் வீட்டில் கொடியில் கிளிப்பே இல்லாமல் போய், துணியெல்லாம் காற்றில் பறந்து வீட்டில் சண்டை. இப்போது தோட்டத்துக்கென்று தனியாக ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன்.

பென்சில் தடிமன் தாண்டிவிட்டால் கிளிப் பற்றாது. மூங்கில் சிம்பு இரண்டு முனையிலும் கவட்டையாகச் சீவி, தண்டுக்கும் கிளைக்கும் நடுவில் முட்டுக் கொடுக்கலாம். அல்லது பழைய வேட்டியைக் கிழித்த நாடாவைக் கிளையில் தளர்வாகச் சுற்றி, கயிற்றால் தரையில் அடித்த முளையில் கட்டலாம். சணல் கயிறோ பிளாஸ்டிக் கயிறோ நேரடியாகக் கிளையில் வேண்டாம். ஒரே பருவத்தில் பட்டையை அறுத்துவிடும், அறுத்த இடத்தில் அசுவினி குடியேறும். கல் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. எங்கள் காற்றில் கல் ஊஞ்சலாடிக் கிளையை முறித்துவிட்டது, அதனால் நான் விட்டுவிட்டேன்.

எவ்வளவு சாய்ப்பது? நேர் மேலே நிற்பதற்கும் தரைக்குச் சமமாகப் படுப்பதற்கும் நடுவே, பாதிக்குக் கொஞ்சம் கூட. கணக்குச் சொன்னால் தண்டிலிருந்து 45 முதல் 60 டிகிரி. ஒரேயடியாகப் படுக்க வைத்தால் கிளை வளர்வதே நின்றுபோகும். நுனியைத் தரைப்பக்கம் தொங்க வளைத்தால் இன்னும் மோசம். வில் மாதிரி வளைந்த முதுகில் வரிசையாகப் போத்துகள் நேர் மேலே கிளம்பும். நான் அவசரப்பட்டு ஒரு கிளையை அப்படி வளைத்து, ஒரே மழைக்காலத்தில் பதினோரு போத்து வாங்கினேன். கிளை நுனி எப்போதும் லேசாக மேலே பார்த்தபடி இருக்க வேண்டும்.

முற்றிய கிளையை வளைக்கும்போது ஒரு கையால் கவட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இழுத்தால் கவட்டையே கிழியும். வைகாசி, ஆனியில் சாறு ஓடும்போது வளையும். தையில் முறியும்.

வருஷவாரியாக

நடும் நாளில், ஒற்றைக் குச்சியாக இருக்கும் கன்றை இரண்டரை அடி உயரத்தில் வெட்டுங்கள். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் பாதி வேர் அறுந்த கன்றுக்கு முழுத் தலையைச் சுமக்கத் தெம்பு கிடையாது. மேலும் கிளை எந்த உயரத்தில் வேண்டுமோ அந்த உயரத்தில்தான் வெட்ட வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே நாலு விரற்கடையாவது தெரிய நட்டிருக்க வேண்டும். ஒட்டு மண்ணுக்குள் போனால் மேல்செடியே வேர் விட்டு, மரம் குட்டையாக நிற்காது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கையால் பிய்த்துவிடுங்கள்.

அந்த வருஷம் வெட்டுக்குக் கீழே ஐந்தாறு துளிர் வரும். உச்சியில் வரும் இரண்டும் ஒன்றையொன்று போட்டி போட்டு நிமிரும். மேல்துளிரை விட்டு, அடுத்ததை அப்போதே கிள்ளிவிடுங்கள். என் மரம் பிளந்ததற்குக் காரணமான கிளை அதுதான். மற்றவற்றுக்குக் கிளிப்.

முதல் தை மாதக் கவாத்தில்தான் மரத்தின் எலும்புக்கூட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். நடுத்தண்டை விட்டுக் கூம்பாக வளர்ப்பது ஒரு முறை, நடுவைத் திறந்து கிண்ணமாக வளர்ப்பது இன்னொன்று. வெயில் குறைவான, பனிமூட்டம் அதிகமான எங்கள் பகுதிக்குப் பெரியவர் சொன்னது கிண்ணம். "மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்தா வானம் தெரியணும்" என்பது அவர் அளவுகோல். காற்று புகுந்து இலை சீக்கிரம் காய்ந்தால் பூஞ்சை நோய் பாதி குறையும். மருந்தடிக்காத நமக்கு இதுதான் முதல் பூஞ்சைக்கொல்லி.

தண்டைச் சுற்றி மூன்று அல்லது நாலு கிளை போதும். எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பக் கூடாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உயரத்தில் நாலு முதல் ஆறு அங்குல இடைவெளி வேண்டும். தண்டின் பருமனில் பாதிக்கு மேல் தடித்த கிளையை எலும்புக்கூட்டில் சேர்க்காதீர்கள். அது கிளை இல்லை, போட்டித் தண்டு. தேர்ந்தெடுத்த கிளைகளின் மூன்றில் ஒரு பங்கு நீளத்தை, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்கு மேலே வெட்டுங்கள். உச்சிக் கிளைக்கு மேலே நடுத்தண்டையும் எடுத்துவிடலாம்.

இரண்டாம் தை மாதம் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு துணைக்கிளை தேர்ந்தெடுத்து, உள்பக்கம் திரும்புவதை, ஒன்றன்மேல் ஒன்று உரசுவதை எடுத்தால் வேலை முடிந்தது. மூன்றாம் வருஷத்திலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றினால் எதையாவது வெட்டத்தான் தோன்றும். மூன்றாம் வருஷம் நான் முதலில் வெறுங்கையோடு இரண்டு சுற்று சுற்றி, எடுக்க வேண்டியவற்றில் துணி கட்டி வைத்துவிட்டு, மறுநாள்தான் கத்தரியோடு போகிறேன். கட்டிய துணியில் பாதியை மறுநாள் அவிழ்த்துவிடுவேன்.

ஐரிஷ் பீச்சில் நான் கெடுத்த காய்ப்பு

கவாத்து கற்றுக்கொண்ட உற்சாகத்தில், தோட்டத்தின் மறுகோடியில் இருந்த ஐரிஷ் பீச் மரத்துக்கும் அதே 'மூன்றில் ஒரு பங்கு' விதியைப் போட்டேன். அது நாலு வயசு மரம். ஒரு கிளை விடாமல் நுனி நறுக்கினேன். அந்த வருஷம் பூவே இல்லை. பெரியவரிடம் சொன்னபோது சிரித்தார். "அது நுனியில காய்க்கிற சாதியாச்சே. காயத்தான் நறுக்கிப் போட்டிருக்க."

பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் இரண்டு வயசுக்கு மேற்பட்ட கிளையில், விரல் நீளக் குட்டைக் குச்சிகளின் முனையில் பூக்கும். சுருக்கம் சுருக்கமாக, மோதிர அடுக்கு மாதிரி இருக்கும் அந்தக் குச்சிகள் பல வருஷம் காய்க்கும். அவற்றை உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஐரிஷ் பீச் போன்ற சில ரகங்கள் முந்தின வருஷம் வளர்ந்த குச்சியின் நுனியிலேயே பூமொட்டு வைக்கின்றன. ரோம் பியூட்டியும் ஓரளவு இந்தக் குணம் உள்ளது. இவற்றுக்கு நுனி நறுக்கும் கவாத்து ஆகாது. நெருக்கமான கிளையை அடியோடு எடுத்துவிட்டு மற்றவற்றை முழுசாக விட வேண்டும்.

ரகத்தின் பெயர் தெரியாதவர்கள் மார்கழியில் மொட்டைப் பாருங்கள். பூமொட்டு உருண்டு, தடித்து, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். இலைமொட்டு கூர்மையாகத் தட்டையாகக் குச்சியோடு ஒட்டியிருக்கும். தடித்த மொட்டு நுனியில் இருக்கிறதா, குட்டைக் குச்சியில் இருக்கிறதா என்று பார்த்தபிறகு கத்தரி எடுங்கள்.

வெட்டும் விதம்

இரண்டு அலகும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று தாண்டும் கவாத்துக் கத்தரி வாங்குங்கள். ஒரு அலகு பட்டையான கட்டையில் போய் முட்டுகிற வகை பச்சைக் கிளையை நசுக்கும். கட்டைவிரலைவிடத் தடித்ததற்கு ரம்பம்.

நுனியைக் குறைக்கும்போது மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக வெட்டினால் தண்ணீர் மொட்டின்மேல் வடியாது. கிளையை முழுசாக எடுக்கும்போது, அது தண்டிலிருந்து கிளம்பும் இடத்தில் மோதிரம் போல ஒரு தடிப்பு இருக்கும். அதை வெட்டக் கூடாது, அதற்கு வெளியே முளையாகக் கட்டையும் விடக் கூடாது. தடிப்பை ஒட்டி வெட்ட வேண்டும். முன்பெல்லாம் தண்டோடு தண்டாகச் சீவிவிடச் சொல்வார்கள். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் சைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, அது தப்பு என்று காட்டினார். மரத்துக்கு நம்மைப் போலக் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புது மரம் வளர்த்து மூடுகிறது. அந்தச் சுவரை எழுப்பும் இடம்தான் அந்த மோதிரத் தடிப்பு.

தடித்த கிளையை ஒரே அறுப்பில் எடுத்தால் பாரத்தில் பட்டை தண்டுவரை கிழியும். முதலில் ஓர் அடி தள்ளிக் கீழிருந்து கால்பங்கு அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, கடைசியாகத் தடிப்பை ஒட்டி அறுங்கள்.

சின்ன வெட்டுக்கு நான் எதுவும் பூசுவதில்லை. வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து வெட்டினால் தானே காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை முழுசாக நின்றபிறகுதான் தொடங்குவேன். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெட்டுக்கு மட்டும் போர்டோ பசை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. வீட்டுக்கு அதில் இருபதில் ஒரு பங்கு போதும். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சேர்க்க வேண்டும், இரும்பு ஆகாது. சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுகிறவர்களும் உண்டு. எந்தப் பூச்சும் காயத்தை ஆற்றாது, சில வாரம் பூஞ்சை ஏறாமல் காக்கும், அவ்வளவுதான்.

வெட்டுவாய், பட்டை வெடிப்பு, அடியிலிருந்து வரும் போத்து ஆகிய மூன்றிலும்தான் கம்பளி அசுவினி முதலில் உட்காரும். பஞ்சு ஒட்டினது போல இருக்கும், நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாயம் ஒட்டும். கன்று மரத்தில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தே கட்டுப்படுத்தலாம். பஞ்சுக்குள் கறுத்த கூடுகளில் வட்டத் துளை இருந்தால் தேய்க்காதீர்கள். அபிலினஸ் என்ற குளவி வேலை செய்கிறது. மெர்ட்டன் வரிசை வேர்ச்செடிகள், எம்.எம். 106, எம்.எம். 111 போன்றவை, இந்த அசுவினியை வேரில் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. கன்று வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். வெட்டிய குச்சிகளைப் பொடியாக நறுக்கி மூடாக்காகப் போடலாம். அசுவினியும் சொறியும் உள்ளதை மட்டும் தோட்டத்தை விட்டு வெளியேற்றுங்கள்.

காயைக் கிள்ளுவதும் கவாத்துதான்

முதல் இரண்டு வருஷம் வரும் பூவைக் கிள்ளிவிடச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. பென்சில் தடிமன் கிளையில் இரண்டு ஆப்பிள் தொங்கினால் நாம் பார்த்துப் பார்த்து வைத்த கோணம் போயிற்று. கிளை வில்லாக வளைந்து, முன்பு சொன்ன மாதிரி முதுகெல்லாம் போத்து.

பிறகு வரும் வருஷங்களிலும் ஒரு கொத்தில் ஐந்தாறு பூ பூத்துப் பல காய் பிடிக்கும். கோலிக்குண்டு அளவில் ஒரு கொத்துக்கு ஒன்று மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். பெரும்பாலும் நடுப்பூவின் காய்தான் திடமானது. காய்க்கும் காய்க்கும் ஆறு அங்குலம் இடைவெளி. காய் பெரிதாகும் என்பது மட்டுமில்லை. அடுத்த வருஷத்துப் பூமொட்டு இந்த வருஷக் காய் வளரும்போதே உருவாகிறது. காய்க்குள் இருக்கும் விதைகளிலிருந்து வரும் ஊக்கி அதைத் தடுக்கும். ஒரு வருஷம் கொட்டிக் காய்த்து மறுவருஷம் சும்மா நிற்கும் மரங்களின் ரகசியம் இதுதான்.

கீழ்நாட்டு நண்பர்களுக்கு

அன்னா, டார்செட் கோல்டன், இமாசலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 ஆகிய கன்றுகளை இப்போது சமவெளியிலும் நடுகிறார்கள். வடிவமைக்கும் முறை அங்கும் இதேதான். ஒரே வித்தியாசம், குளிர் இல்லாததால் இலை தானே உதிராது, மரம் உறங்காது. இந்தோனேசியாவில் மலாங் பக்கம் பத்து என்ற மலை ஊரில், அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிட்டு, கிளைகளை வளைத்துக் கட்டி, வருஷத்துக்கு இரண்டு தடவை காய்க்க வைக்கிறார்கள். வீட்டில் ஒன்றிரண்டு மரம் என்றால் செய்து பார்க்கலாம். அன்னாவை மட்டும் தனியாக நடாதீர்கள், மகரந்தத்துக்கு டார்செட் கோல்டன் பக்கத்தில் வேண்டும். ஏக்கர் கணக்கில் சமவெளியில் ஆப்பிள் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: கொய்யா போடுங்கள். வளைத்துக் கட்டும் வித்தை கொய்யாவுக்கு இதைவிட நன்றாகப் பலிக்கும்.

பிளந்த மரம்

சாய்ந்த பாதியை அன்றே அறுத்து எடுத்தோம். நின்ற பாதியையும் வெட்டிவிடலாம் என்றேன். பெரியவர் தடுத்தார். வேருக்குச் சோறு போட இலை வேண்டும், தை வரை நிற்கட்டும் என்றார். தையில் பிளவு முடியும் இடத்துக்குக் கீழே, ஒட்டுக்கு ஒரு சாண் மேலே, சுத்தமாக அறுத்தோம். பங்குனியில் சுற்றிலும் ஏழு போத்து. ஒன்றை விட்டு மற்றதைப் பிய்த்தேன். பழைய வேரின் பலத்தில் அது ஒரே வருஷத்தில் என் உயரம் வந்தது. போன தையில் அதை இரண்டரை அடியில் வெட்டினேன். இந்தத் தடவை கை நடுங்கவில்லை.

இப்போது அதில் நாலு கிளை, நாலும் நாலு பக்கம், எல்லாம் கிளிப் போட்ட கோணத்தில் நிற்கின்றன. மழை நின்று மூன்று நாள் வெயில் அடித்தால் வெட்ட வேண்டியது ஆறே வெட்டு. துணி கட்டி வைத்துவிட்டேன். தெற்குப் பக்கக் கிளையில் இரண்டு மொட்டு உருண்டு தடித்து, ரோமத்தோடு இருக்கிறது. பூத்ததும் கிள்ள வேண்டும்.